எலும்பு கூடிய பிறகு

"ஒரு அம்மா கையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறார். வலி குறையவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, கையே வேண்டாமாம். கொஞ்சம் பேசிப் பாருங்கள்" என்று டாக்டர் போனில் தெலுங்கில் சொன்னபோது நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். மூடி வைத்தேன்.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் வலி மருத்துவப் பிரிவில் நான் மனநல ஆலோசகர். என் அறை முன்பு மாவுக்கட்டுச் சாமான்கள் வைத்திருந்த அறை. சுவரில் ஆணி அடித்தால் இன்னமும் வெள்ளைத் தூள் கொட்டும். முதலில் நான் அடுத்த கட்டடத்தில், மனநலப் பிரிவில்தான் இருந்தேன். வலி டாக்டர் யாரையாவது "மனநலப் பிரிவிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்று அனுப்பினால் அவர்கள் எங்களிடம் வந்து சேரவே மாட்டார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு கேன்டீன், ஒரு மருந்துக்கடை, வெளியே போகிற கேட். பாதிப்பேர் அந்தக் கேட்டோடு ஊருக்குப் போய்விடுவார்கள். வருடக்கணக்காக இடுப்பு வலிக்கிறது, தூக்கம் இல்லை, குடி அதிகமாகிவிட்டது, வீட்டில் யாரோடும் பேச்சில்லை என்றெல்லாம் ஒரே ஆளுக்கு இருக்கும். வலியை ஒரு கட்டடத்திலும் மற்றதை இன்னொரு கட்டடத்திலும் காட்டச் சொன்னால் அவர் எப்படி வருவார்? டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஆட்களை அங்கே அனுப்புவதைவிட அங்கிருந்து ஓர் ஆளை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தார். அந்த ஆள் நான்.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் தமிழ். நகரி, புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு என்று தமிழ்நாட்டு எல்லைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ரேஷன் கடையிலும் மண்டல் ஆபீசிலும் தெலுங்கு பேசுவார்கள். டாக்டரிடமும் தெலுங்கில்தான் ஆரம்பிப்பார்கள். வலியைப் பற்றிக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். குடையுது, இழுக்குது, சுருக்குங்குது, காந்துது என்பார்கள். டாக்டருக்கு, தெலுங்கில் வலி என்றால் எல்லாமே "நொப்பி"தான். அந்தச் சொல்லுக்குள் எது குடைச்சல், எது காந்தல் என்று பிரித்துச் சொல்ல அவருக்கு ஒருத்தர் தேவைப்பட்டது.

அந்த அம்மா வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது கையை ஈரத்துணியில் சுற்றி, இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, யாருடைய கைக்குழந்தையையோ தூக்கி வருகிறவர்போல மெல்ல நடந்து வந்தார். பின்னால் கணவர். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய எக்ஸ்ரே, ஒரு தண்ணீர் பாட்டில். தண்ணீர் குடிப்பதற்கு இல்லை, துணி காயக் காய நனைப்பதற்கு.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பிச்சின்னு முடிவு பண்ணிட்டாரா அவுரு?" என்றார். எங்கள் பக்கத்தில் பைத்தியம் என்பதற்குத் தமிழிலும் அந்தத் தெலுங்குச் சொல்தான். "நேராவே சொல்லிருக்கலாம். இன்னாத்துக்கு ரூம் ரூமா அனுப்பணும்?"

சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "நகரியில எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டேன்.

சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நம்ம பக்கமா?"

"நகரிதான். எங்க வீட்டுலயும் தறி இருந்திச்சி."

உட்கார்ந்தார். கணவர் நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பெண் துணியின் ஒரு முனையைப் பல்லால் பிடித்து இழுத்துக் கையை அவிழ்த்துக் காட்டினார். கை வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டு, கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. நகங்கள் நீளமாக வளர்ந்திருந்தன. வெட்ட யாரையும் விட்டதில்லை. விரல்கள் பாதிதான் மடங்கின. நான் எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். காற்று பட்டதும் அவர் முகம் கோணியதைப் பார்த்திருந்தேன்.

"ஃபேன ஆஃப் பண்ணீங்களே," என்றார் அவர். "எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அது தோணல மேடம்."

கதையைக் கணவர்தான் சொன்னார். வீட்டின் முன்பக்கத்தில் நான்கு பவர்லூம். இரண்டை அவர் பார்த்துக்கொள்வார், இரண்டை மனைவி. மழை பெய்த ஒரு நாள் துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார் மனைவி. மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. கட்டைப் பிரித்தபிறகு வலி குறைவதற்குப் பதிலாக எரிச்சல் தொடங்கியது. நாளாக ஆக முழங்கைவரை ஏறியது. போன இடமெல்லாம் படம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் எலும்பு சரியாக இருக்கிறது என்றார்கள்.

"ஃபிலிம் சுத்தமா கீது, ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க," என்றார் அந்தப் பெண். "அப்ப நான்தான் அழுக்கா? எங்க நாத்தனாரு சொல்லுது, வேல செய்யாம இருக்கறதுக்கு நல்ல வழி கண்டுபுடிச்சிட்டான்னு. சோத்த இடது கையால துன்றேன் மேடம். தலைய நானே சீவிக்கினு எவ்ளோ நாளாவுது தெரியுமா? இது நடிப்பா?"

இந்த நோய்க்கு டாக்டர்கள் ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். எலும்பு முறிந்த சிலருக்கு, எங்கே எப்படிக் கட்டுப் போட்டிருந்தாலும், காரணம் தெரியாமல் இது வரும். அந்தப் பெயரை அவரிடம் சொல்லவில்லை. வேறுவிதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"தறியில குறுக்க ஓடற ஊட நூலு அறுந்தா தறி தானா நிக்கறதுக்கு ஒரு சின்ன கம்பி இருக்குமே."

"ஆமா."

"அந்தக் கம்பி வளஞ்சி போச்சின்னா?"

கணவர்தான் பதில் சொன்னார். "நூலு நல்லா இருந்தாலும் நின்னு நின்னு போகும்."

"அதான். எலும்பு நூலு மாதிரி, அது ஒட்டிக்கிச்சி. சேதி சொல்ற நரம்புதான் இன்னும் அறுந்துபோச்சி அறுந்துபோச்சின்னு சொல்லிக்கினே கீது."

அந்தப் பெண் யோசித்தார். "அப்ப நூலு அறுபடல. அப்ப நான் நடிக்கறேன்னுதான ஆவுது?"

"தறி நிக்குதே, அது நடிக்குதா? நெசமாத்தான நிக்குது?"

அவர் துணியை மறுபடி சுற்றத் தொடங்கினார். கணவர் பாட்டிலைத் திறந்து தண்ணீரை ஊற்றினார். அவர் ஊற்றிய விதத்தைப் பார்த்தேன். கையின்மேல் நேராக விழாமல், துணியின் ஓரத்தில் விட்டு, ஊற வைத்தார். வேறு ஒருவர் சொல்லிக்கொடுத்து வருகிற பழக்கம் இல்லை அது.

"எல்லாம் சரி மேடம்," என்றார் கணவர். "நரம்புக்கு நரம்பு டாக்டரு. இதுல மனசு எங்க வருது?"

"தூக்கம் கெட்ட அன்னிக்குத் தறி சத்தம் எப்படிக் கேக்கும் உங்களுக்கு?"

"மண்டைக்குள்ள அடிக்கற மாதிரி கேக்கும்."

"சத்தம் அதே சத்தம்தான?"

தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, மரியாதைக்கு ஆட்டினாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தார்கள். கைக்குப் போகிற நரம்பு அடங்குவதற்காக டாக்டர் கழுத்தில் ஓர் ஊசி போட்டார். நரம்புக்கு மாத்திரை கொடுத்தார். எங்கள் பிசியோதெரபிஸ்ட் சித்தூர்க்காரர், தமிழ் கொஞ்சம் கொச்சையாகப் பேசுவார், பொறுமைசாலி. தொடுவதையே மறந்துபோன கைக்குத் தொடுதலைத் திரும்பப் பழக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டிலிருந்து விதவிதமான துணிகள் கொண்டுவரச் சொன்னார். தறிக்காரர் வீட்டில் துணிக்கா பஞ்சம்? ஒரு பை நிறைய வெட்டுத்துண்டுகள் வந்தன. மெல்லிய வாயில் சேலைத்துணி, பருத்தி, லுங்கித் துணி, சொரசொரப்பான துண்டு. முதலில் இடது கையில் தடவி, அது எப்படி இருக்கிறது என்று கவனித்து, பிறகு வலது முழங்கையில் ஆரம்பித்து விரல் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். மணிக்கட்டை நெருங்கும்போது கண்ணில் நீர் வழியும். ஆனாலும் செய்தார்.

கண்ணாடிப் பயிற்சிதான் சரிவரவில்லை. நடுவில் ஒரு கண்ணாடியை வைத்து, வலி உள்ள கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை மட்டும் அசைத்து, கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். வலது கை வலியில்லாமல் அசைவதுபோலத் தெரியும். சிலருக்கு அதில் நல்ல பலன் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். இவர் பார்த்தார், முகம் வெளுத்தது, வாந்தி வருகிறது என்றார். கண்ணாடியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "அது என் கை இல்ல," என்றார். அன்று கை முன்னைவிட அதிகமாக எரிந்ததாம். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

போன் செய்தேன். கணவர் எடுத்தார். "பஸ் ஏற மாட்டேங்குது மேடம். கூட்டத்துல யாராச்சும் இடிச்சிடுவாங்கன்னு பயம். பேசறதே இல்ல. நான் இன்னா செய்யறது?"

வராதவர்களின் வீட்டுக்குப் போவது எங்கள் வேலைமுறையில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் எப்படியும் அம்மாவைப் பார்க்க நகரிக்குப் போகிறவள். வரலாமா என்று கேட்டேன். "வாங்க மேடம்" என்று ஒருதரத்துக்கு இரண்டுதரம் சொன்னார்.

தெருவுக்குள் நுழையும்போதே தறிச்சத்தம். நான்கு தறிகளில் இரண்டுதான் ஓடிக்கொண்டிருந்தன. கணவர் என்னைக் கண்டதும் அந்த இரண்டையும் நிறுத்தினார். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் அதே ஈரத்துணி. எதிரே தட்டில் சோறு அப்படியே காய்ந்திருந்தது. நாத்தனார் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"சோறு போட்டு எதிர்ல வச்சாலும் துன்றதில்ல," என்றார் நாத்தனார் என்னிடம். "ஆஸ்பத்திரிக்குப் போனா சரியாயிடும்னாங்க. அங்க போயி துணிய வச்சி வெளாடிட்டு வருதாம். எங்க காலத்துல கை ஒடஞ்சா கட்டுப் போட்டோம், வேலைக்குப் போனோம்."

நான் எதுவும் சொல்வதற்குள் கணவர் பேசினார். சத்தம் போடவில்லை. "யக்கா, அந்தக் கைய நீ ஒரு தரமாச்சும் அவுத்துப் பாத்தியா?"

"எனக்கு எதுக்கு?"

"பாத்துட்டுப் பேசு."

நாத்தனார் உள்ளே போய்விட்டார். கோபமாகத்தான் போனார்.

அந்தப் பெண்ணோடு தனியாக இருக்கவேண்டும் என்றேன். கணவர் முன்பக்கம் போனார்.  தூக்கம் எப்படி, பசி எப்படி, பிள்ளைகளோடு பேசுகிறீர்களா என்று கேட்டேன். ஒற்றை வார்த்தைகளில் பதில் வந்தது. பிறகு நான் கேட்டே ஆகவேண்டிய கேள்வியைக் கேட்டேன். படித்த காலத்திலிருந்து பலரிடம் கேட்டிருக்கிறேன். 

"அக்கா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

திடுக்கிட்டதுபோலத் தெரியவில்லை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவர்போலத்தான் இருந்தார்.

"தோணுது," என்றார். "பசங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் தோணும். அதுங்க வந்துட்டா போயிடும். இப்பல்லாம் அதுங்க வீட்டுல இருக்கறப்பவே தோணுது. அதான் பயமா கீது."

அதைச் சொல்லிவிட்டு அழுதார். நான் பார்த்தபோதெல்லாம் வலிக்குத்தான் அழுதிருக்கிறார். இது வேறு அழுகை. அவர் தோளைத் தொடலாமா என்று கேட்டுவிட்டு, இடது தோளில் கை வைத்தேன்.

இதை உங்கள் கணவரிடம் சொல்லவேண்டும், நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நீங்களே சொல்லுங்க, நான் கூட இருக்கேன்," என்றார். கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவியைப் பார்த்து, "என்னாண்ட சொல்லக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

"நீயே ரெண்டு தறிய நிறுத்திட்டு உக்காந்துக்கினு கீற. இத வேற எப்படிச் சொல்றது?"

செய்யவேண்டியதை அங்கேயே பேசிக்கொண்டோம். மாத்திரைகள் எல்லாம் கணவரிடம் இருக்கும். மனைவியைத் தனியாக விடக்கூடாது. நினைப்பு மிஞ்சினால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். மறுநாளே இருவரும் ஆட்டோ வைத்துக்கொண்டு திருப்பதிக்கு வருவதாகச் சொன்னார்கள். நான் மனநல டாக்டருக்கு அங்கிருந்தே போன் செய்து சொல்லிவைத்தேன்.

அன்று அம்மா வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "உன் வேலைய ஆஸ்பத்திரிலியே வச்சிட்டு வரமாட்டியா?" என்று அம்மா திட்டினாள். நாளைக்கு அவர்கள் வராவிட்டால் என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். மனநல டாக்டர் என் அறைக்கே இறங்கி வந்து பார்த்தார். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினார். நரம்பு எரிச்சலுக்கும் அது கொஞ்சம் உதவும் என்பதால், வலி டாக்டரும் அவரும் சேர்ந்து பேசி முன்பு கொடுத்த ஒன்றை நிறுத்தினார்கள். "ரெண்டு டாக்டரும் ஒரே ரூம்ல ஒக்காந்து பேசறத இப்பதான் பாக்கறேன்," என்றார் கணவர். அவருக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது.

நல்ல மாற்றம் உடனே வரவில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு பசி. கை அப்படியேதான் எரிந்தது. அந்த வாரங்களில் நாங்கள் கையைப் பற்றிக் குறைவாகத்தான் பேசினோம். காலையில் எழுந்தது முதல் என்ன செய்கிறார், எதை விட்டுவிட்டார், எதை இடது கையால் செய்யலாம் என்று பேசினோம். அவர் விட்டுவிட்டவற்றில் ஒன்று, சாயங்காலம் தெருமுனைவரை நடந்துபோய்ப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிவிட்டு வருவது. கையைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள் என்று விட்டிருந்தார். கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தோம். நான் பக்கத்து வீட்டுப் பெண்ணாக நடித்தேன்.

"இன்னாமே, கை இன்னும் சரியாவலியா?"

"எலும்பு கூடிக்கிச்சி, நரம்பு கூடல. டைம் ஆவும்."

"எங்க ஊர்ல ஒரு எண்ண தராங்க..."

"எண்ண வேணாம். நீ உன் மருமவ கதைய சொல்லு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

நல்ல நாளில் எல்லா வேலையையும் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவது அவர் வழக்கம். நீண்டநாள் வலி உள்ள அநேகமாக எல்லோரும் இதைச் செய்வார்கள். நன்றாக இருக்கும்போதே நிறுத்து என்று சொல்வது எளிது. வீட்டில் வேலை கிடக்கும்போது, அதுவும் நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நிறுத்துவது கஷ்டம். ஆடிக் கிருத்திகைக்கு வீடு முழுக்கக் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கை பந்துபோல வீங்கியிருந்தது. எல்லாம் போச்சு என்றார். அந்த ஒரு மாதம் மறுபடி முழங்கையிலிருந்துதான் துணியைத் தொடங்க வேண்டியிருந்தது. நினைப்பு திரும்ப வந்ததா என்று கேட்டேன். "ஒரு நாளு வந்திச்சி. இவுராண்ட சொன்னேன். தறிய நிறுத்திட்டு வந்து கூட ஒக்காந்துக்கினாரு. போயிடிச்சி," என்றார்.

அவர் அதைக் கணவரிடம் தானாகச் சொல்லியிருந்தார். வீக்கத்தைப் பற்றி டாக்டர் கவலைப்பட்டார். எனக்கு அன்று கவலை இல்லை.

கண்ணாடியை வெகுநாள் கழித்து அவரே கேட்டார். "அத ஒரு தரம் பாக்கலாமா?" பிசியோதெரபிஸ்ட் கையை அசைக்கச் சொல்லவில்லை. சும்மா வைத்துக்கொண்டு பார்க்க மட்டும் சொன்னார். பார்த்தார். வாந்தி வரவில்லை. "நகம் இவ்ளோ நீளமா கீதே" என்றார். அது கண்ணாடியில் தெரிந்த இடது கை நகம். அன்று வீட்டுக்குப் போய் இடது கை நகத்தை மகளை விட்டு வெட்டச் சொல்லி, அப்படியே வலது கைக் கட்டைவிரலையும் நீட்டியிருக்கிறார். ஒரு விரலோடு முடித்துக்கொண்டார்களாம். மற்றவை ஒவ்வொன்றாக, அடுத்தடுத்த வாரங்களில்.

நாத்தனார் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். ஒருநாள் துணி மாற்றும்போது எட்டிப் பார்த்தாராம். "ஐயோ, இப்படியா கீது" என்றாராம். அதற்கப்புறமும் பேச்சு குறையவில்லை. ஆனால் சோற்றைப் பிசைந்து வைக்க ஆரம்பித்தார். பிசைந்து வைத்துக்கொண்டே திட்டுவார் என்று அந்தப் பெண் சொன்னார்.

இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். கை சரியாகிவிடவில்லை. குளிர்காலத்தில் எரிச்சல் கூடுகிறது. தறிக்கு அவர் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. ஒரு தறியை விற்றுவிட்டார்கள், மூன்றைக் கணவரும் கூலிக்கு ஓர் ஆளுமாக ஓட்டுகிறார்கள். முடிந்த துணிகளை மடித்து, கடைக்காரர்களோடு போனில் பேசுகிற வேலை இவருடையது. கணவரைவிட நன்றாகத் தெலுங்கில் பேரம் பேசுகிறார் என்று கணவரே சொல்கிறார். விரல்கள் முக்கால்வாசி மடங்குகின்றன. ஈரத்துணி போய்விட்டது. வெளியே வரும்போது மட்டும் முந்தானைக்குள் கையை வைத்துக்கொள்கிறார்.

இவரைப் போல எல்லோருக்கும் ஆவதில்லை. இதே அறைக்கு வந்து இரண்டாம் முறை வராமல்போனவர்கள் உண்டு. அவர்களுக்குப் போன் செய்கிறேன். சிலர் எடுப்பதில்லை.

போன மாதம் அவர் தனியாக வந்தார். கணவர் எங்கே என்று கேட்டேன்.

"தறிய விட்டுட்டு எத்தினி தரம் வருவாரு? நானே டிரெய்ன்ல வந்தேன்."

"கூட்டமா இருந்திச்சா?"

"புத்தூர்ல ஏறினாங்க பாருங்க, நிக்க எடமில்ல. ஒருத்தன் பைய தூக்கிக்கினு வந்து நேரா கைமேலயே இடிச்சான்."

நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்தேன். "அய்யோ. அப்புறம்?"

"உயிரே போயிடிச்சி. கண்ணு இருட்டிக்கினு வந்திச்சி. அப்புறம் தெலுங்குல திட்டினேன் பாருங்க, பொட்டி மொத்தமும் திரும்பிப் பாத்திச்சி. அந்தாளு எழுந்து எடம் குடுத்துட்டான். ஒக்காந்துதான் வந்தேன்."

முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தார். இடிபட்ட இடம் சிவந்திருந்தது. இன்னும் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்காம?" என்றார். "பிசியோ சாரு வந்துட்டாரா? பசிக்குது, முடிச்சிட்டுப் போயி ஏதாச்சும் துன்னணும்."

வந்துவிட்டார் என்றேன். எழுந்து போனார்.